பள்ளியில் ‘புறக்கணிப்பு’ என்றால் என்ன? ஆசிரியர் அதில் ஏன் தலையிட வேண்டும்?

அடிப்பதும் தவறாகத் தொடுவதும் மட்டும் கொடுமை இல்லை. சாப்பாடு, மருத்துவம், பாதுகாப்பு என ஒரு குழந்தைக்குக் கிடைத்தே ஆக வேண்டியவை தொடர்ந்து கிடைக்காமல் போவதுதான் புறக்கணிப்பு. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை, 19-ஆம் பிரிவில் வன்முறையையும் புறக்கணிப்பையும் சேர்த்தே சொல்கிறது.

சரி, ஆசிரியர் ஏன்? சுவரில் ஈரம் கசிவது போன்றது இது. தினமும் பார்க்கிறவருக்குத்தான் கறை பரவுவது தெரியும். வாரம் முழுக்க அதே அழுக்குச் சட்டை. மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் பையை மெதுவாக அடுக்கிக்கொண்டிருக்கும் கைகள். குழந்தை வாய் திறந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். அதே வார்த்தைகளில் எழுதி, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே சொல்லுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் தயவுசெய்து வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஆதாரம் கிடைத்த பிறகே சொல்ல வேண்டும் என்று பலர் காத்திருக்கிறார்கள். நியாயமான சந்தேகமே போதும், விசாரிப்பது வேறொருவர் வேலை.