அம்மா மொதல்ல தண்ணி குடிக்கட்டும், டிராஃபிக்க அப்புறம் பாக்கலாம்

கேள்வி: வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சு வந்து ராத்திரி 10 மணிக்கு கார்ல கிளம்புறோம். 480 கிலோமீட்டர், நான் ஒருத்தன்தான் ஓட்டணும். மனைவி, ரெண்டு பசங்க, 71 வயசு அம்மா. காலைல பீக் ஹவர் ஆரம்பிக்கறதுக்குள்ள அந்த ஊருக்குள்ள நுழைஞ்சிடணும், அதனால வழியில ஒரே ஒரு ஸ்டாப்தான். (அம்மா பிபிக்கு நீர் பிரியற மாத்திரை போடறாங்க, அடிக்கடி நிறுத்த வேண்டி வரும்னு அன்னிக்கு மத்தியானத்துல இருந்தே தண்ணிய குறைச்சுக்க சொல்லிட்டேன், அவங்களும் சரின்னுட்டாங்க.) 10 மணி சரியா வருமா, இல்ல 9க்கே கிளம்பணுமா?

பதில்: தம்பி, லீவு வந்தா இந்த மாதிரி லெட்டர் எனக்கு வரிசையா வரும். எத்தன மணிக்கு கிளம்பலாம், எந்த ஊர எப்ப தாண்டலாம், எல்லாரும் கேக்கறதுதான். உங்க லெட்டர்ல நான் படிச்சிட்டு அப்படியே நின்ன இடம் அந்த அடைப்புக்குறி. அம்மாவ பத்தி எழுதினது ஒரே ஒரு வரி, அதையும் அடைப்புக்குறிக்குள்ள தள்ளி வெச்சிருக்கீங்க.

அவங்களும் சரின்னுட்டாங்களாமே. சரின்னு சொல்லாம வேற என்ன சொல்லுவாங்க? புள்ள வண்டி எடுக்கறான், பேரப்பசங்க வர்றாங்க, தன்னால யாருக்கும் லேட் ஆகக்கூடாதுன்னு நெனைக்கிற மனுஷி, நீங்க தண்ணிய நிறுத்த சொன்னா நிறுத்துவாங்க, வயித்த இறுக்கி புடிச்சிட்டு வரச் சொன்னா அதையும் செய்வாங்க, அத சம்மதம்னு கணக்கு வைக்காதீங்க. நானும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்தேன். எங்க மாமியார் எங்க கூட வண்டில வந்தா ஒரு தடவ கூட நிறுத்த சொல்ல மாட்டாங்க, அடடா எவ்ளோ சௌகரியமான மனுஷின்னு நெனச்சேன், கிளம்பற அன்னிக்கு அவங்க காலைல இருந்தே ஒரு வாய் தண்ணி குடிக்காம இருந்தாங்கன்னு நாலு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது.

வயசானா தாகம் எடுக்கறதே குறைஞ்சிடும், அதனால உடம்புல தண்ணி வத்தினாலும் அவங்களுக்கு சரியா தெரியாது. மாத்திரை ஒரு பக்கம் நீர வெளிய தள்ளுது, நீங்க இன்னொரு பக்கம் உள்ள போறத அடைக்கறீங்க. எட்டு மணி நேரம் கால தொங்கப்போட்டு உக்காந்துட்டு திடீர்னு எந்திரிச்சா பிபி இறங்கி தலை சுத்தி விழலாம். கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகறதுக்கும் அசையாம உக்காந்திருக்கறது ஒரு காரணம், தண்ணி வேற இல்லன்னா இன்னும் மோசம். நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் எல்லாம் போய் சேந்த அப்புறம் வரிசையா வரும். (மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க, அதையும் செஞ்சாலும் செய்வீங்க. பயணத்தன்னிக்கு எத்தன மணிக்கு போடலாம்னு டாக்டர கேளுங்க.)

இப்ப உங்க விஷயத்துக்கு வரேன். வெள்ளிக்கிழமை காலைல 6 மணிக்கு எந்திரிச்சிருப்பீங்கன்னு வெச்சுக்குவோம். ராத்திரி 11 மணிக்கு நீங்க முழிச்சிருந்து 17 மணி நேரம் ஆயிடும், அதாவது ஹைவேல ஏறி ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். 17 மணி நேரத்துக்கு மேல முழிச்சிருக்கறவங்க ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவங்க மாதிரிதான் தடுமாறுறாங்கன்னு 2000ல வெளிவந்த ஒரு ஆய்வு சொல்லுது. அதுக்கப்புறம் இன்னும் ஏழு மணி நேரம் ஓட்டப்போறீங்க, அதுல விடியக்காலம் 2ல இருந்து 6 வரைக்கும் உடம்பே தூங்குன்னு கெஞ்சற நேரம். 100 கிலோமீட்டர் வேகத்துல நாலு செகண்ட் கண்ணு சொருகினா வண்டி 110 மீட்டர் தானா ஓடியிருக்கும். ஜன்னல தொறந்து வைக்கறது, பாட்ட சத்தமா வைக்கறது எல்லாம் சும்மா. நிறுத்தி இருபது நிமிஷம் தூங்கினா கொஞ்சமாவது உதவும். அம்மாவுக்காக நிறுத்தறத டைம் வேஸ்ட்னு நெனைக்கிறீங்களே, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்தறது ஓட்டற உங்களுக்குத்தான் மொதல்ல வேணும்.

9ம் வேணாம் 10ம் வேணாம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே வெளிய போகும், ஹைவேல லாரியும் நெறைய. சாப்பிட்டு 9 மணிக்கு எல்லாரும் படுங்க, சனிக்கிழமை விடியக்காலம் நாலரைக்கு கிளம்புங்க. உங்க ஊர ஆறு மணிக்குள்ள தாண்டிடலாம். சராசரியா 65 போனா ஓட்டறது ஏழரை மணி நேரம், இருபது நிமிஷமா நாலு ஸ்டாப், ஒண்ணேகால் ஒண்ணரைக்கு போய் சேருவீங்க. காலை கூட்டம் கலைஞ்சிருக்கும், சாயங்கால கூட்டம் ஆரம்பிச்சிருக்காது. மேப்ல மொத்தம் எத்தன மணி நேரம்னு மட்டும் பாக்காதீங்க, கிளம்பற நேரத்த போட்டு வழியில இருக்கற பெரிய ஊர் ஒவ்வொண்ணையும் எத்தன மணிக்கு தொடறீங்கன்னு பாருங்க. ஏதாவது ஒண்ணு 8ல இருந்து 10க்குள்ள மாட்டுச்சுன்னா அந்த ஊருக்கு முன்னாடியே சுத்தமான பாத்ரூம் இருக்கற இடமா பாத்து நிறுத்தி அங்கயே டிஃபன முடிங்க. எப்படியும் கிளட்ச மிதிச்சிட்டு வரிசைல நிக்கப்போற அரை மணி நேரம்தானே.

திரும்பி வர்றத பத்தி நீங்க ஒரு வார்த்த எழுதல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பி வந்து திங்கள் காலைல ஆபீஸ் போற பிளான்னா அதுதான் இருக்கறதுலயே மோசமான நேரம், எல்லாரும் அப்பத்தான் ஊருக்குள்ள திரும்புவாங்க. ஞாயித்துக்கிழமையும் விடியக்காலமே கிளம்புங்க, இல்லன்னா திங்கள் லீவு போடுங்க. அம்மாவுக்காக ஒரு நாள் லீவு போட முடியாத வேலை எதுன்னு எனக்கு தெரியல, இருந்தா அடுத்த லெட்டர்ல எழுதுங்க.

இன்னிக்கு ராத்திரியே அம்மாகிட்ட போய் உக்காந்து, தண்ணிய குறைக்க வேணாம்மா, நான் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லுங்க. மனைவிகிட்ட சொல்லி விடாதீங்க, நீங்களே சொல்லணும். கிளம்பும்போது அவங்க கையில ஒரு பாட்டில் தண்ணி குடுங்க. மொதல் ஸ்டாப்ல அத வாங்கி பாருங்க, நெறஞ்சே இருந்துச்சுன்னா நீங்க சொன்னத அவங்க நம்பலன்னு அர்த்தம், அப்ப அடுத்த ஸ்டாப்ப அவங்க கேக்கறதுக்கு காத்திருக்காம ஒரு மணி நேரத்துலயே போடுங்க.