பிராட்செட்டை எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

கேள்வி: ஆபீஸ் நண்பர் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்ததால் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் ‘டிஸ்க்வேர்ல்ட்’ நாவல்களைப் படிக்கலாம் என்று முதல் புத்தகமான ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ வாங்கினேன். 60 பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. அதை முடித்தால்தான் மற்றவை புரியுமா? 41 நாவல்களையும் ‘முழு செட்’டாகத் தருவதாக ஒருவர் வாட்ஸ்அப்பில் சொல்கிறார். வாங்கலாமா? எட்டாவது படிக்கும் மகளுக்கு இதில் ஏதாவது சரிப்படுமா?

பதில்: முதலில் அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள். முடிக்க வேண்டிய அவசியமே இல்லை. 1983-இல் வந்த நாவல் அது. அந்தக் காலத்து வாளும் மந்திரமுமான சாகசக் கதைகளைக் கிண்டல் செய்கிறது. அந்தக் கதைகளைப் படிக்காதவருக்குப் பாதி ஜோக் போய்ச் சேராது. தவறு உங்கள் மேல் இல்லை. அட்டையிலும் ஆன்லைன் கடையிலும் இந்த நாவல்களுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு வைத்திருக்கிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். நம்பரைப் பார்த்தால் யாராக இருந்தாலும் ஒன்றிலிருந்துதான் தொடங்குவார்கள். எத்தனை வாசகர்களை இந்த ஒரு நம்பர் விரட்டியிருக்கிறது!

டிஸ்க்வேர்ல்ட் ஒரே நீளக் கதை கிடையாது. ஆமை முதுகில் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான ஓர் உலகம். அந்த உலகத்தில் நடக்கும் தனித்தனிக் கதைகள் இவை. சில பாத்திரங்கள் திரும்பத் திரும்ப வருவார்கள், அவ்வளவுதான். இதற்காக ரசிகர்கள் அம்புக்குறி போட்டு வரைந்து வைத்திருக்கும் ‘படிக்கும் வரிசை’ அட்டவணைகள் ரயில்வே வரைபடம் மாதிரி இருக்கும். அதைப் பார்த்தே பயந்து ஓடியவர்கள் உண்டு. நீங்கள் பார்க்காதீர்கள்.

‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ வாங்குங்கள். 1989-இல் வந்தது, நம்பர்படி எட்டாவது. ஆங்க்-மார்போர்க் என்கிற நகரத்தில் திருட்டு சட்டப்படி நடக்கும் தொழில். திருடர்களுக்குச் சங்கம் உண்டு, பறிகொடுத்தவருக்கு ரசீதும் உண்டு. இரவுக் காவல்படையின் தலைவர் வைம்ஸ், குடித்துவிட்டுச் சாக்கடையோரம் கிடப்பவர். அந்தப் படையில் சேர சுரங்கக் குள்ளர்களிடம் வளர்ந்த கேரட் என்கிற ஆறடிக்கு மேல் உயரமான பையன் வருகிறான். சட்டப் புத்தகத்தை வரி விடாமல் படித்திருக்கிறான். வந்த கையோடு திருடர் சங்கத் தலைவரைத் திருட்டுக் குற்றத்துக்காகக் கைது செய்துவிடுகிறான்! பின்னால் ஓர் இடம் வருகிறது. பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்றால் அது பத்துக்கு ஒன்பது முறை பலித்துவிடும் என்று காவலர்கள் நம்புகிறார்கள். ஆனால் கணக்குச் சரியாகப் பத்து லட்சத்தில் ஒன்றாக இருக்க வேண்டுமாம். அதனால் அம்பு விடுகிறவரை ஒற்றைக் காலில் நிற்க வைத்து, வேண்டுமென்றே குறியைக் கடினமாக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பக்கங்களிலும் சிரிப்பு வரவில்லையென்றால் பிராட்செட் உங்களுக்கானவர் இல்லை. மீதி 39 புத்தகக் காசு மிச்சம்.

போலீஸ் கதை வேண்டாம் என்றால் ‘ஸ்மால் காட்ஸ்’. மகா கடவுள் ஒருவர் ஆமையாகிக் கிடக்கிறார், ஏனென்றால் அவரை உண்மையாக நம்புகிறவன் ஒரே ஒருவன்தான். அவனுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. முன்கதை எதுவும் தேவையில்லை.

தனித்தனிக் கதைகள் என்றேன், ஒரு விதிவிலக்கு தவிர. முதல் நாவலும் 1986-இல் வந்த ‘தி லைட் ஃபென்டாஸ்டிக்’கும் இரண்டு அட்டைக்குள் வந்த ஒரே கதை. முதலாவதின் கடைசியில் நாயகன் உலகத்தின் விளிம்பிலிருந்து கீழே விழுகிறான், புத்தகமும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அதனால் என்றைக்காவது ஆசை வந்து திரும்பப் போனால் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒன்றை மட்டும் படிக்காதீர்கள். இரண்டாவதை மட்டும் படிக்கவே படிக்காதீர்கள். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், அட்டையிலும் தெளிவாகப் போட மாட்டார்கள். அதனால்தான் மூன்று முறை சொல்கிறேன்.

‘நைட் வாட்ச்’தான் அவர் எழுதியதிலேயே உச்சம் என்று நண்பர் அடுத்து சொல்வார். சரிதான், ஆனால் அதில் தொடங்கக் கூடாது. காலத்தில் முப்பது வருடம் பின்னால் போய் விழும் வைம்ஸ் எதை இழக்கப் போகிறார் என்பது, அவரைச் சாக்கடையோரத்திலிருந்து பார்த்து வந்தவருக்குத்தான் உறைக்கும்.

மகளுக்கு ‘தி வீ ஃப்ரீ மென்’ வாங்கித் தரச் சொல்வார்கள். நல்ல புத்தகம்தான். ஆனால் அதில் வரும் நீலக் குட்டி மனிதர்கள் பேசுவது ஸ்காட்லாந்துக் கொச்சை. பள்ளி ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அதைப் படிக்கும் பிள்ளை பத்தாம் பக்கத்திலேயே முழிக்கும். ‘தி அமேசிங் மாரிஸ்’ கொடுங்கள். பேசும் பூனையும் படித்த எலிகளும் ஊர் ஊராகப் போய் மோசடி செய்கிற கதை. சிறுவர் நூல்களுக்கான பிரிட்டிஷ் விருதான கார்னகி பதக்கம் வாங்கியது.

இனி அந்த வாட்ஸ்அப் ஆள். வேண்டவே வேண்டாம். ‘முழு செட்’ என்று வருகிறதில் பெரும்பாலும் திருட்டு அச்சுதான் இருக்கும். ‘ஒரிஜினல் குவாலிட்டி’ என்று சொன்னால் ஒரிஜினல் இல்லை என்று அர்த்தம். மற்ற எழுத்தாளர்களை மங்கலான தாளில் எப்படியோ படித்துவிடலாம், இவரை முடியாது. பாதி நகைச்சுவை பொடி எழுத்து அடிக்குறிப்பில் இருக்கிறது. திருட்டுப் பிரதியில் அது ஒன்று மை கலங்கிப் போயிருக்கும், இல்லை பத்தி நடுவில் புகுந்து வாக்கியத்தையே குலைத்திருக்கும். அந்த வாட்ஸ்அப் ஆளிடம் ‘மோர்ட்’ நாவலின் உள்பக்கம் ஒன்றை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் மரணம் ஒரு பாத்திரம். அவர் பேசுவதெல்லாம் மேற்கோள் குறி இல்லாமல் கேப்பிட்டல் எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரண எழுத்தில் இருந்தால் எங்கிருந்தோ இறக்கிய ஃபைலை அச்சடித்திருக்கிறார். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.