பூச்சி மாத்திரை சாப்பிட்டவருக்குச் சளியில் புழுவா?

கேள்வி: என் தந்தைக்கு 63 வயது. முடக்குவாதத்துக்காக நீண்ட காலமாக ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எடுத்துவருகிறார். வயிற்றுவலி, இருமல், காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தோம். சளியில் புழு இருப்பதாகச் சொல்லித் தினமும் ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து கொடுக்கிறார்கள். ஆண்டுதோறும் பூச்சி மாத்திரை சாப்பிடுபவர் அவர். புழுத் தொற்றில் கூடும் என்று சொல்லப்படும் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் அளவும் கூடவில்லை. பிறகு எப்படி வந்தது? ஸ்டீராய்டை நிறுத்திவிடலாமா?

பதில்: ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடலில், இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். கடும் தொற்றின் நடுவே மருந்தைச் சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைக்கத்தான் வேண்டும். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை அவருடைய மருத்துவர்கள் முடிவு செய்யட்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழுவாகத்தான் இருக்க வேண்டும். மண்ணில் இருக்கும் இதன் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே வரும். பெரும்பாலான குடற்புழுக்கள் ஆயுள் முடிந்ததும் மடிந்துவிடும். இது அப்படியல்ல. குடலுக்குள் பொரிக்கும் இளம்புழுக்களில் சில, வெளியேறாமல் அங்கேயே வளர்ந்து குடற்சுவரைத் துளைத்து அடுத்த சுற்றைத் தொடங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் பர்மா-தாய்லாந்து ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகள் சிலரிடம் பல பத்தாண்டுகள் கழித்தும் இந்தப் புழு கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் தந்தையிடமும் இளம்வயது முதலே இருந்திருக்கலாம்.

அதுவரை நோய் எதிர்ப்பு சக்தி அதை அடக்கி வைத்திருந்தது. ஸ்டீராய்டு அந்தப் பிடியைத் தளர்த்தியதும் புழு கணக்கின்றிப் பெருகி நுரையீரல் வரை போய்விட்டது. இடம்பெயரும்போது குடலின் பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் கொண்டுபோகும். செப்சிஸ் என்ற கடும் ரத்தத் தொற்றும் மூளையுறைக் காய்ச்சலும் வருவது இதனால்தான்; பலரின் உயிரைப் பறிப்பதும் அதுவே. ஆகவே புழு மருந்தோடு ஆன்டிபயாடிக்கும் கொடுத்தால், எதற்கு இத்தனை மருந்து என்று கவலைப்படாதீர்கள்.

வழக்கமான பூச்சி மாத்திரை என்பது 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், ஒரே ஒரு வேளை. உருண்டைப் புழுவுக்கு அது போதும், இதற்குப் போதாது. ஈசினோஃபில் கூடாததிலும் வியப்பில்லை. அந்த அணுக்களை ஸ்டீராய்டே குறைத்துவிடும். புழு பெருகிய நிலையில் ஈசினோஃபில் இயல்பாக இருப்பதை நல்ல செய்தியாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

ஐவர்மெக்டின்தான் சரியான மருந்து. உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்பது கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 12 மில்லிகிராம். சாதாரணத் தொற்று என்றால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். உங்கள் தந்தையின் நிலையில் தினமும் கொடுத்து, சளியிலும் மலத்திலும் இரண்டு வாரம் தொடர்ந்து புழு தென்படாத பிறகே நிறுத்துவார்கள். காய்ச்சல் தணிந்துவிட்டதே என்று பாதியில் வீட்டுக்கு அழைத்துப்போக அவசரப்படாதீர்கள். குடல் மருந்தை உறிஞ்சவில்லை என்றால் வேறு வழியாகச் செலுத்த வேண்டியிருக்கும், அதையும் அவர்கள் கவனிப்பார்கள். நோய் எதிர்ப்பு அணுக்களைத் தொற்றும் எச்டிஎல்வி-1 என்ற வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அது இருந்தால் புழு எளிதில் ஒழியாது.

பணிவிடை செய்பவர்கள் அவருடைய மலத்தையும் சளியையும் கையுறை அணிந்தே அப்புறப்படுத்துங்கள். உங்கள் தாயும் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர் என்றால் அவருக்கும் இந்தப் புழுவுக்கான ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். ஒருமுறை மலத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று விடாதீர்கள், அதில் அடிக்கடி தப்பிவிடும். அவருக்கும் பின்னாளில் ஸ்டீராய்டோ கீமோதெரபியோ தேவைப்பட்டால், அதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.