மழை மாதங்களில் சேலத்தில் சைக்கிளில் வேலைக்குப் போகலாமா?

அஸ்தம்பட்டியில் வீடு, ஜங்ஷன் பக்கம் வேலை, மழை வருமா வராதா என்றே தெரியவில்லை, சைக்கிளை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுக்கலாம். ஆனால் காலை வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அக்டோபரில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டும். காலையில் சேர்வராயன் மலை பளிச்சென்று தெரியும், சாயங்காலம் கொட்டித் தீர்க்கும். அதனால் திரும்பி வரும் நேரத்தைத்தான் யோசிக்க வேண்டும். வானிலை ஆய்வு மையம் அடுத்த 3 மணி நேரத்துக்கு மாவட்டவாரியாக எச்சரிக்கை தருகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். இடி இருந்தால் அரை மணி நேரம் ஆபீசிலேயே இருந்துவிடுங்கள்.

தூறலுக்கு ரெயின்கோட் போதும். நான் பயப்படுவது தேங்கிய தண்ணீருக்குத்தான். அடியில் குழியா, திறந்த சாக்கடையா என்று தெரியாது. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

அப்புறம் பிரேக். ரிம்மில் ரப்பர் கட்டை பிடிக்கும் வகை என்றால், நனைந்ததும் முதல் ஓரிரு சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. தண்ணீர் வழிக்கப்பட்ட பிறகுதான் பிடிக்கும். ஐந்து ரோடு மாதிரி நெரிசலில் அந்த இரண்டு சுற்று பெரிய விஷயம். முன்கூட்டியே லேசாக அழுத்திக்கொண்டே வாருங்கள். வெள்ளைக் கோடுகள் மேல் ஈரத்தில் திருப்பாதீர்கள்.

மார்கழிப் பனிமூட்டத்தில் சைக்கிளின் பின்பக்கம் சிவப்பு லைட் கட்டாயம். வெயில் ஏறினால் மூட்டம் தானே கலைந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.