நைஜர் எல்லையில் டவர் லைன் வேலை: தம்பியை அனுப்பலாமா?

கேள்வி: என் தம்பி எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவன். சில வருடங்களாக உயர் அழுத்த மின்கோபுர லைன் வேலை பார்க்கிறான். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் என்ற நாட்டில் வேலை என்று ஒரு ஏஜென்ட் மூலம் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. சைட் வடக்கே, நைஜர் எல்லைப் பக்கம் என்கிறார்கள். அந்த இரண்டு நாட்டுக்கும் பகை, எல்லை மூடிக் கிடக்கிறது என்று படித்தோம். மாலியில் நம் பக்கத்துப் பையன்கள் கடத்தப்பட்ட செய்தி வந்த நாளிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. சண்டை வருமா? அனுப்பலாமா? இந்த மாதக் கடைசிக்குள் பணம் கட்டச் சொல்கிறார் ஏஜென்ட்.
— ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, பெனினும் நைஜரும் படை திரட்டி நேருக்கு நேர் மோதும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் உங்கள் தம்பி அந்த எல்லைப் பக்கம் போகக் கூடாது. சண்டை வராது என்றால் ஏன் போகக் கூடாது என்று கேட்பீர்கள். அதற்கான காரணம் தெரிந்தால்தான் ஏஜென்டிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

இரண்டு நாடுகளுக்கும் நடுவே 277 கிலோமீட்டர் எல்லை. அதில் பெரும்பகுதி நைஜர் ஆறு. பெனின் கரையில் மலான்வில், எதிர்க்கரையில் கயா, நடுவே ஒரு பாலம். இரு கரையிலும் டெண்டி மொழி பேசும் குடும்பங்கள், கொள்வினை கொடுப்பினை உள்ளவர்கள். அரசுகளுக்குள் தகராறு புதிதல்ல. ஆற்றின் நடுவே உள்ள லெத்தே தீவு யாருக்கு என்று 1963-லேயே முறைத்துக்கொண்டார்கள். அது சர்வதேச நீதிமன்றம் வரை போய், 2005-ல் தீர்ப்பு வந்தது. லெத்தே உட்பட 16 தீவுகள் நைஜருக்கு, 9 தீவுகள் பெனினுக்கு. இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே இன்றைய பகை நிலத்துக்கான பகை அல்ல.

இப்போதைய பகை தொடங்கியது 2023 ஜூலை 26-ல். நைஜர் அதிபர் முகமது பசூமை, அவருடைய மெய்க்காவல் படைத் தலைவர் தியானியே கவிழ்த்தார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் பொருளாதாரத் தடை போட்டது, படை அனுப்புவோம் என்றும் எச்சரித்தது. பெனின் அந்தத் தடையின்படி பாலத்தை மூடியது. 2024 பிப்ரவரியில் தடை விலகியதும் பெனின் தன் பக்கத்தைத் திறந்துவிட்டது. நைஜர் திறக்கவில்லை. பெனினின் வடக்கில் பிரெஞ்சுப் படைத்தளங்கள் இருக்கின்றன, அங்கே தன்னைக் கவிழ்க்க ஆட்களைப் பயிற்றுவிக்கிறார்கள் என்பது நைஜரின் குற்றச்சாட்டு. பெனின் அதைத் திட்டவட்டமாக மறுக்கிறது. நைஜர், மாலி, புர்கினா ஃபாசோ மூன்றும் தனிக் கூட்டணி அமைத்து, 2025 ஜனவரியில் எக்கோவாஸிலிருந்தும் வெளியேறிவிட்டன.

இவ்வளவு இருந்தும் போர் வராது என்று ஏன் சொல்கிறேன்? நைஜரின் அகடெம் எண்ணெய் வயலிலிருந்து பெனினின் செமே துறைமுகம் வரை சீனர்கள் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் குழாய் போட்டிருக்கிறார்கள். கடலே இல்லாத நைஜருக்குக் கச்சா எண்ணெய் விற்க அதுதான் வழி, பெனினுக்கு அதில் கட்டணம் வருகிறது. 2024 மே மாதம் பெனின் எண்ணெயைக் கப்பலில் ஏற்ற விடாமல் தடுத்தது, சீனா நடுவில் புகுந்து பேசியது, எண்ணெய் மறுபடி ஓடியது. மேலும், நைஜர் ராணுவத்துக்குத் தன் மேற்கில் டில்லாபெரி, கிழக்கில் டிஃபா இரண்டையும் தீவிரவாதிகளிடம் விடாமல் பிடித்து வைப்பதற்கே ஆள் போதவில்லை.

உண்மையான ஆபத்து பேச்சு முறிந்ததில் இருக்கிறது. 2022-ல் இரு நாடுகளும் ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டிருந்தன. 2023 செப்டம்பரில் நைஜர் அதை ரத்து செய்தது. இதற்கு ஆட்சிக் கவிழ்ப்பு அளவுக்குத் தலைப்புச் செய்தி கிடைக்கவில்லை. ஆனால் லைன் வேலைக்குப் போகிறவனுடைய உயிருக்கு இதுதான் முக்கியமான செய்தி. பெனின், நைஜர், புர்கினா ஃபாசோ மூன்றும் சேரும் முச்சந்தியில் டபிள்யூ தேசியப் பூங்கா என்ற பெருங்காடு இருக்கிறது. அல்-கொய்தாவின் கிளையான ஜே.என்.ஐ.எம். அந்தக் காட்டில் மோட்டார் சைக்கிள்களில் நடமாடுகிறது. ஒரு நாட்டில் தாக்கிவிட்டு அடுத்த நாட்டுக்குள் போய்விட்டால், துரத்துகிற சிப்பாய் எல்லைக் கோட்டில் நின்றுவிட வேண்டியதுதான். “உன் பக்கம் வருகிறார்கள், பார்” என்று சொல்ல மறுபக்கம் ஆள் இல்லை.

விளைவு என்ன? பெனின் 2022 முதல் மிராடோர் என்ற பெயரில் ஏறத்தாழ 3,000 சிப்பாய்களை வடக்கில் நிறுத்தியிருக்கிறது. அப்படியும் 2025 ஏப்ரல் 17 அன்று, அதே பூங்காவில் ஒரே நாளில் 54 சிப்பாய்கள் கொல்லப்பட்டதாக அரசே ஒப்புக்கொண்டது. ஆயுதம் ஏந்திய முகாமுக்கே அந்த நிலை.

இனி உங்கள் தம்பியின் தொழிலுக்கு வருகிறேன். டவர் எரக்‌ஷன், ஸ்ட்ரிங்கிங் (கோபுரம் நிறுத்துவது, கம்பி இழுத்துக் கட்டுவது) எல்லாம் ஊருக்குள் நடக்கிற வேலை இல்லை. லைன் போகும் வழியே காட்டுக்குள் நகர்ந்துகொண்டே போக வேண்டும். காலையும் மாலையும் கேம்ப்புக்கும் சைட்டுக்கும் ஒரே மண்பாதை, ஒரே வண்டி. நோட்டமிடுகிறவனுக்கு இரண்டு நாள் போதும். 2025 ஏப்ரலில் நைஜரின் டில்லாபெரியில் கடத்தப்பட்ட ஐந்து இந்தியர்களும் மின்பாதை வேலைக்குப் போனவர்கள். அதே ஆண்டு நவம்பரில் மாலியில் கோப்ரி அருகே கடத்தப்பட்ட நம் பிள்ளைகளும் மின்மயமாக்கல் வேலைக்குப் போனவர்கள்தான்.

“எஸ்கார்ட் உண்டு, மிலிட்டரி கூடவே வரும்” என்று ஏஜென்ட் சொல்வார். 2025 ஜூலை 15-ல் நைஜரின் டோசோ பகுதியில் தாக்கப்பட்டது, ஒரு மின்பாதை வேலைத்தளத்துக்குக் காவல் நின்ற ராணுவக் குழுதான். அதில் இரண்டு இந்தியர்கள் இறந்தார்கள், ஒருவர் கடத்தப்பட்டார். மலான்விலுக்கு எதிரே உள்ள கயாவும் அதே டோசோ பகுதியைச் சேர்ந்தது. அங்கே முதல் குறி சிப்பாய்தான் என்பதால், எஸ்கார்ட் வண்டியோடு போகிறவனும் அந்தக் குறிக்குள் வந்துவிடுகிறான்.

ஆகவே முதலில் சைட் இருக்கும் இடத்தின் பெயரை எழுத்தில் வாங்குங்கள். “பெனின்” என்று மட்டும் இருந்தால் போதாது. அலிபோரி, அட்டகோரா என்ற இரண்டு மாகாணங்களில் எந்த ஊராக இருந்தாலும் வேண்டாம். கான்டி, பானிகோரா, கரிமாமா, மலான்வில் எல்லாம் அலிபோரியில்தான் வரும். அவற்றுக்குத் தெற்கே உள்ள போர்கூவிலும் நைஜீரியா எல்லையை ஒட்டிய பக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. எல்லைக்கு அந்தப் பக்கம் குவாரா மாநிலத்தில் 2025 அக்டோபரில் ஜே.என்.ஐ.எம். தாக்கியிருக்கிறது. (நைஜர் வேறு, நைஜீரியா வேறு. ஆஃபர் லெட்டரில் எது இருக்கிறது என்று ஒருமுறை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.) நைஜர் என்றே இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

தெற்கே கோட்டோனூ, போர்ட்டோ நோவோ பக்கம் என்றால் நான் தடுக்க மாட்டேன். எல்லைக்கும் கோட்டோனூவுக்கும் இடையே 700 கிலோமீட்டருக்கு மேல். 2025 டிசம்பர் 7-ல் அங்கே ராணுவத்தில் ஒரு பிரிவு ஆட்சியைப் பிடிக்க முயன்றது உண்மை. நைஜீரியாவின் விமானப்படை உதவியோடு அதே நாளில் அடக்கிவிட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் அறைக்குள் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வடக்கில் அந்த வசதி இல்லை.

ஒப்பந்தத்தில் “நிறுவனம் சொல்லும் எந்த இடத்திலும் பணிபுரிய வேண்டும்” என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். கோட்டோனூ என்று சொல்லி அழைத்துப் போய் மூன்றாம் மாதம் மலான்விலுக்கு மாற்ற அந்த ஒரு வரி போதும். வடக்கு மாகாணங்களுக்கோ வேறு நாட்டுக்கோ மாற்றினால் மறுக்க உரிமை உண்டு, மறுத்தால் ஊர் திரும்ப டிக்கெட் நிறுவனச் செலவு என்று எழுதி வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியின் நகலையும் கேளுங்கள். போர், பயங்கரவாதம், கடத்தல் ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை என்ற விலக்கு பல பாலிசிகளில் இருக்கும். அப்படி இருந்தால் அந்தப் பாலிசி இந்த வேலைக்கு உதவாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வளைகுடாவுக்குப் போகிற, பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளியின் ஒப்பந்தத்தை அரசு பார்த்து குடிபெயர்வு அனுமதி கொடுக்கிறது. அந்த அனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் பெனினும் இல்லை, நைஜரும் இல்லை. உங்கள் தம்பி டிப்ளமோ படித்தவர் என்பதால் அவருக்கு அது எந்த நாட்டுக்கும் தேவையில்லை. விமானம் ஏறும் வரை அரசுத் தரப்பில் யாருமே அந்தக் காகிதத்தைப் படித்திருக்க மாட்டார்கள். நீங்கள்தான் படிக்க வேண்டும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை ஈ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே, ரசீதோடு.

தெற்கில் வேலை கிடைத்துப் போனாலும் தம்பியிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள். பாலம் மூடியிருப்பதால் மலான்விலில் படகில் அக்கரை போய் வருவது உள்ளூர்க்காரர்களுக்கு அன்றாடம். வெளிநாட்டவருக்கு அது சரிப்படாது. பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாமல், ஒருவரையொருவர் உளவாளி என்று சந்தேகிக்கும் இரு அரசுகளுக்கு நடுவே பிடிபட்டால், மீட்டு வர மாதக்கணக்காகும்.

மாதக் கடைசி என்ற கெடுவைப் பொருட்படுத்தாதீர்கள். ஊர்ப் பெயர், இடமாற்ற வரி, பாலிசி நகல் மூன்றும் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் அந்த ரசீதை வைத்துக்கொண்டு சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பாஸ்போர்ட்டை ஏஜென்ட் வாங்கி வைத்திருந்தால் அதை இன்றே திருப்பி வாங்கிவிடுங்கள்.