கொரோனா தொற்றில் டி-டைமர் கூடினால், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நாமே எடுத்துக்கொள்ளலாமா?

மருத்துவர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளவே கூடாது. கொரோனா வார்டில் பணியாற்றியபோது, லேசான காய்ச்சல் மட்டுமே இருந்தவர்கள்கூட டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையின் அறிக்கையைப் பார்த்துப் பதறி ஓடிவந்ததைக் கண்டிருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொற்று கடுமையாகும்போது கிளம்பும் அழற்சி ரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. புண்ணான சுவர் உறைதலைத் தூண்டும் பொருள்களை வெளிவிட, ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜனைக் கல்லீரல் மிகையாகச் சுரக்க, நோயாளியும் அசையாமல் படுத்தே கிடக்க, கால் சிரைகளிலும் நுரையீரல் தமனிகளிலும் ரத்தம் கட்டிக்கொள்கிறது. அந்தக் கட்டி கரையும்போது உண்டாகும் துணுக்குதான் டி-டைமர். ஆனால் முதுமை, கர்ப்பம், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, வேறு தொற்றுகள் ஆகியவற்றாலும் அது உயரும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து மருந்து தொடங்குவது சரியல்ல.

மருத்துவமனையில் ரத்தம் உறையாமல் தடுக்கத் தரும் முதன்மையான மருந்து ஹெப்பாரின். அதை எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் பெரும் குழப்பம் இருந்தது. 2021 ஆகஸ்டில் வெளியான கூட்டு ஆய்வின் முடிவுகள் என்னை வியக்கவைத்தன: தீவிர சிகிச்சை தேவைப்படாத 2,219 நோயாளிகளிடம் முழு அளவு (உறைகட்டிக்குச் சிகிச்சையாகத் தரும் அளவு) ஹெப்பாரின் பலன் தந்தது, கவலைக்கிடமாக இருந்த 1,098 பேரிடமோ அதே அளவு பலன் தரவில்லை. அதனால், உறைகட்டி உறுதியாகாதவரை, தீவிர சிகிச்சைப் பிரிவில் தடுப்பு அளவே (கட்டி உருவாகாமல் தடுக்கத் தரும் குறைந்த அளவே) போதும் என்ற நிலை வந்தது. நோய் முற்றிய பிறகு அளவைக் கூட்டினால் ரத்தக்கசிவு அபாயம்தான் மிஞ்சும் என்பதே என் கருத்தும்.

தடுப்பு அளவு என்பது பெரும்பாலும் நாளொன்றுக்கு ஹெப்பாரின் வகை மருந்தான இனாக்ஸாபரின் 40 மில்லிகிராம். தொப்புளுக்குப் பக்கவாட்டில் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியைத் தோலடியில் போடுவோம். போட்ட இடத்தைத் தேய்த்தால் ரத்தம் கன்றி நீலம் பாரிக்கும் என்பதால் தேய்க்க விடமாட்டோம். சிறுநீரகம் வெகுவாகப் பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்தாக வேண்டும்.

ஆஸ்பிரின் பற்றியும் பலர் கேட்கிறார்கள். மருத்துவமனையில் சேர்ந்த ஏறத்தாழ 15,000 பேரிடம் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு அதைச் சோதித்தபோது, இறப்பு குறையவில்லை. ஆனால் இதயநோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரினோ எடுப்பவர்கள், கொரோனா வந்துவிட்டதென்று தாமாக நிறுத்திவிடக் கூடாது.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம் ஆகியவற்றில் எது தோன்றினாலும், டி-டைமர் முடிவுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.