லோக்பால் கேட்ட கூட்டம் எங்கே போனது? கொழிஞ்சாம்பாறை கேள்வி பதில்

போன வாரம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் தகவல் உரிமைச் சட்டம் பற்றிப் பேசினேன். நேரம் போதவில்லை. துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததும் வாட்ஸ்அப்பில் குரலாக வந்ததுமாகக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. பாதிக் கேள்விகள் 2011இல் அண்ணா ஹசாரே தில்லியில் நடத்திய ஊழல் எதிர்ப்புப் போராட்டம் பற்றியவை. மீதி நம் ஊர் ஆபீஸ்களைப் பற்றியவை. எனக்கு இரண்டும் ஒரே விஷயம் என்பதால் கலந்தே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, 2011இல் நான் ஒன்றாம் வகுப்பு. அப்போது என்னதான் நடந்தது? (கல்லூரி மாணவி, வேலந்தாவளம்)

அதற்கு முந்தின வருஷமே காமன்வெல்த் போட்டிச் செலவு, 2ஜி அலைக்கற்றை என்று வரிசையாகச் செய்தி வந்து ஜனங்கள் கொதித்துப் போயிருந்தார்கள், அம்மிணி. 2011 ஏப்ரல் 5ஆம் தேதி ஹசாரே ஜந்தர் மந்தரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். பிரதமர் வரைக்கும் விசாரிக்கிற அதிகாரத்தோடு, அரசின் பிடியில் இல்லாத லோக்பால் என்ற ஊழல் விசாரணை அமைப்பு வேண்டும் என்பது கோரிக்கை. நாலே நாளில் மத்திய அரசு இறங்கி வந்தது. ஐந்து அமைச்சர்கள், மக்கள் தரப்பில் ஐந்து பேர் என்று மசோதா எழுத ஒரு குழு. பிரணாப் முகர்ஜி தலைவர். இந்தப் பக்கம் ஹசாரே, சாந்தி பூஷண், பிரசாந்த் பூஷண், சந்தோஷ் ஹெக்டே, அரவிந்த் கெஜ்ரிவால்.

பேச்சு ஒத்து வரவில்லை. ஆகஸ்ட் 16 அன்று அடுத்த உண்ணாவிரதம் தொடங்கும் முன்பே அவரைப் பிடித்துத் திகார் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலமே விடுவிக்கிறோம் என்றபோது, நிபந்தனையோடு வெளியே வர மாட்டேன் என்று உள்ளேயே இருந்துவிட்டார். 19ஆம் தேதி வெளியே வந்து ராம்லீலா மைதானத்தில் உண்ணாவிரதத்தைத் தொடர்ந்தார். 27ஆம் தேதி நாடாளுமன்றம் மூன்று கோரிக்கைகளைக் கொள்கையளவில் ஏற்றது. மறுநாள் இரண்டு சின்னப் பெண்கள் கொடுத்த இளநீரையும் தேனையும் குடித்து உண்ணாவிரதத்தை முடித்தார். அந்த நாட்களில் நம் பஸ் ஸ்டாண்டிலும் மெழுகுவத்தி பிடித்து நின்றோம். மலையாளமும் தமிழும் கலந்து கோஷம் போட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

2ஜி வழக்கில் எல்லாரையும் விடுதலை செய்துவிட்டார்களே. அப்படியென்றால் போராட்டமே பொய்யா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், சித்தூர்)

இல்லை, மாஷே. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 தொலைபேசி நிறுவன உரிமங்களை ரத்து செய்தது. உரிமம் கொடுத்த முறை தவறு என்பது அதன் முடிவு. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் விடுதலை செய்தது. அங்கே வந்த கேள்வி வேறு, இன்னார் குற்றம் செய்தார் என்று மெய்ப்பிக்கப்பட்டதா என்பது. சிபிஐயின் மேல்முறையீட்டைத் தில்லி உயர் நீதிமன்றம் 2024இல் விசாரணைக்கு ஏற்றிருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தணிக்கை அறிக்கையில் இருந்த 1.76 லட்சம் கோடி ரூபாய், அரசுக்கு வராமல் போன வருமானம் பற்றிய ஒரு மதிப்பீடு. மேடைகளில் அதை யாரோ பையில் போட்டுக்கொண்டு போன ரொக்கம் மாதிரி பேசினோம். நானும் பேசினேன். அது தப்பு.

கடைசியில் லோக்பால் வந்ததா இல்லையா?

வந்தது. எவ்வளவு தாமதம் என்று பாருங்கள். லோக்பால் என்ற சொல்லை எல்.எம்.சிங்வி உருவாக்கியது 1963இல். முதல் மசோதா 1968இல். அப்புறம் எத்தனையோ தடவை கொண்டுவந்து காலாவதியாக விட்டார்கள். 2011 டிசம்பரில் மக்களவையில் நிறைவேறியது மாநிலங்களவையில் நள்ளிரவில் தொங்கிப் போனது. 2013 டிசம்பரில் இரண்டு அவையும் நிறைவேற்றி, 2014 ஜனவரி 1 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார்.

சட்டம் இருந்தும் ஐந்து வருஷம் நாற்காலி காலி. தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்க வேண்டும், மக்களவையில் அப்படி ஒருவர் இல்லை என்று காரணம் சொன்னார்கள். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017லேயே சொல்லிவிட்டது. முதல் லோக்பாலாக பினாகி சந்திர கோஷ் பதவியேற்றது 2019 மார்ச்சில். சிபிஐயை லோக்பாலுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று கேட்டோம், அது நடக்கவில்லை. லோக்பால் அனுப்புகிற வழக்குகளில் மட்டும் மேற்பார்வை கிடைத்தது.

செக்போஸ்டில் காசு கேட்கிறார்கள். லோக்பாலுக்கு எழுதலாமா? (லாரி டிரைவர், கோவிந்தாபுரம்)

முடியாது, தம்பி. லோக்பால் மத்திய அரசு ஆட்களுக்கு. கேட்கிறவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கேரள அரசு என்றால் விஜிலென்ஸ், கட்டணமில்லா எண் 1064. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு ஊழியர் என்றால் அங்குள்ள லஞ்ச ஒழிப்புத் துறை.

புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். நோட்டுகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு மேலே ஃபினால்ஃப்தலீன் பொடி தடவித் தருவார்கள். வாங்கினவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிடும். அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து முத்திரை வைத்துக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் நீங்கள் புகார் செய்திருக்க வேண்டும். எட்டாம் நாள் போனால் உங்கள் தலையிலும் விழும்.

வேலைக்கே வராதவர்கள் பேரில் கூலி போகிறது என்று பேசிக்கொள்கிறோம். எங்களை மாதிரி ஆட்கள் என்ன செய்ய முடியும்? (தொழிலுறப்பு, அதாவது அரசின் ஊரக வேலை உறுதித் திட்ட வேலைக்குப் போகும் அக்கா, எருத்தேம்பதி)

அக்கா, இந்தப் போராட்டத்தின் வேரே உங்களை மாதிரிப் பெண்கள்தான். 1990இல் ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு கூலிக்காரர்களும் சிறு விவசாயிகளும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பஞ்சநிவாரண வேலைக்குச் சட்டக்கூலி கொடுக்கவில்லை. கேட்டால், நீங்கள் வேலையே சரியாகச் செய்யவில்லை என்றார்கள். அப்படியானால் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று எழுதி வைக்கிற மஸ்டர் ரோலைக் காட்டு என்றார்கள் இவர்கள். அது ரகசியம் என்று பதில் வந்தது.

1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் ஜனங்களைக் கூட்டி உட்காரவைத்து, எப்படியோ கிடைத்த கணக்கைச் சத்தமாக வாசித்தார்கள். செத்தவர் பேர், ஊரிலேயே இல்லாதவர் பேர், கட்டாத கட்டடத்துக்குப் பில். ஒவ்வொரு பேராக வாசிக்க வாசிக்க, கூட்டத்திலிருந்து ஆள் எழுந்து பொய் என்று சொன்னால் அங்கேயே வெளிச்சமாகிவிடும். 1996இல் பியாவரில் 40 நாள் தர்ணா. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்ற கோஷம் அவர்களுடையது. அங்கிருந்து வளர்ந்துதான் 2005 அக்டோபர் 12 அன்று தகவல் உரிமைச் சட்டம் அப்போது ஜம்மு காஷ்மீர் தவிர நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 1997லேயே ஒரு தகவல் சட்டம் போட்டது, இந்தியாவில் முதல் மாநிலம். விலக்குகள் அதிகம் என்பதால் ஜனங்களுக்குப் பெரிதாக உதவவில்லை.

அதனால் நீங்களும் மஸ்டர் ரோலைக் கேளுங்கள். 2008இல் நான் ஒரு வாய்க்கால் வேலையின் பில்லைக் கேட்டு, பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி நகல் வாங்கினேன். பில்லில் இருந்த சிமெண்ட் மூட்டையில் பாதிகூட அந்த வாய்க்காலில் இல்லை. நாங்கள் நாலு பேர் டேப் பிடித்து அளந்தோம். மறு மாதமே ஆள் வந்து மீதியைப் பூசினார்கள்.

ஒரு கவலை இருக்கிறது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றுகிறது. தனிப்பட்ட தகவல் என்று ஒரு வார்த்தை சொல்லி பெயர்களை மறுக்க அது வழி விடுகிறது. பெயர் இல்லாத மஸ்டர் ரோலில் எதை வாசிப்பது? மறுத்தால் மேல்முறையீட்டில் 8(2) பிரிவைக் காட்டுங்கள். பொதுநலன் பெரிது என்றால் தர வேண்டும் என்று அது இன்னும் இருக்கிறது.

தமிழில் மனு எழுதலாமா? (பலர்)

எழுதலாம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் தமிழர் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. ஒரு ஆபீஸில் என் மனுவைத் திருப்பித் தந்து மலையாளத்தில் கொண்டுவரச் சொன்னார்கள். இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு ரெஜிஸ்டர் தபாலில் அதையே மறுபடி அனுப்பினேன், வாங்கிக்கொண்டார்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள அந்த அதிகாரிதான் உதவ வேண்டும், அதுவும் சட்டம்.

கட்சி ஆரம்பித்ததால்தான் போராட்டம் கெட்டது என்கிறார்களே? (இளைஞர், முதலமடை)

2012 நவம்பரில் ஆம் ஆத்மி கட்சி தொடங்கினார்கள், ஹசாரே சேரவில்லை. கட்சி தொடங்கியது தப்பு என்று நான் நினைக்கவில்லை. மெழுகுவத்தி பிடித்த எங்களுக்கு, உண்ணாவிரதம் முடிந்த மறுநாள், 2011 ஆகஸ்ட் 29ஆம் தேதி, செய்ய ஒரு வேலையும் தரப்படவில்லை, அங்கேதான் கெட்டது. நம் பக்கத்துப் பிளாச்சிமடையைப் பாருங்கள். நிலத்தடி நீருக்காக 2002 ஏப்ரல் 22 அன்று கோக்க கோலா ஆலை வாசலில் பந்தல் போட்டார்கள். மயிலம்மாவும் ஆதிவாசிப் பெண்களும் நாள் தவறாமல் வந்து உட்கார்ந்தார்கள். பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அந்தப் பந்தலில் தினமும் ஒரு வேலை இருந்தது.

பயமாக இருக்கிறது, சார். (பெயரும் ஊரும் வேண்டாம் என்றவர்)

நியாயமான பயம். தங்க நாற்கரச் சாலை ஊழலை எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003இல் கயாவில் கொல்லப்பட்டார். தகவல் கொடுப்பவரைக் காக்க 2014இல் சட்டம் போட்டார்கள், அதை நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. தனியாகப் போகாதீர்கள். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்து மனுவாகப் போடுங்கள். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

முதல் மனுவை எப்படி எழுதுவது? (எருத்தேம்பதி அக்காவே மறுபடி)

வெள்ளைத்தாள் போதும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டுங்கள், வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றால் அதுவும் வேண்டாம், சான்று நகல் வையுங்கள். ‘இன்ன வார்டில், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நடந்த வேலையின் மஸ்டர் ரோல் நகலும் அளவுப் புத்தக நகலும் தரவும்’ என்று எழுதுங்கள். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்காதீர்கள், காகிதத்தை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தாமதத்துக்கு அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தகவல் ஆணையம் அபராதம் போடலாம். கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியும் ஆபீஸ் முத்திரையும் வாங்காமல் வெளியே வராதீர்கள், அக்கா. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உட்கார்ந்து எழுதிவிடலாம்.